நோன்பும் தவக்காலமும்: மன்னார்ப் பயணக் குறிப்புகள்

மார்ச் 12, புதன். புத்தளம்

2025இல் இலங்கையில் ரமலான் நோன்பு மார்ச் 2 அன்று தொடங்கியது. கத்தோலிக்கரின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் மார்ச் 5. இரண்டும் சேர்ந்து வரும்போது மன்னாருக்குப் போய்ப் பார்க்கலாம் என்று கிளப்பிவிட்டது என் காயல்பட்டினத்து நண்பன்தான். எனக்கு ஊர் புன்னைக்காயல். தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் எங்கள் ஊர். பக்கத்திலேயே அவன் ஊர். எங்களுடையது கத்தோலிக்க ஊர், அவனுடையது முஸ்லிம் ஊர். "ஏல, நான் பகல்ல சாப்பிட மாட்டேன், நீ வெள்ளிக்கிழமை கறி தொட மாட்டே. செலவு பாதியாக் குறையும்" என்றான். அவன் கணக்கு எப்போதும் இப்படித்தான்.

மன்னாரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 2012 கணக்கெடுப்பின்படி அந்த மாவட்டத்தில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கத்தோலிக்கர். அடுத்து இந்துக்களும் முஸ்லிம்களும். முஸ்லிமும் கத்தோலிக்கரும் பேசுவது ஒரே தமிழ், மீன் பிடிப்பது ஒரே கடலில். ஆனால் 1990 அக்டோபரில் வடக்கிலிருந்த அத்தனை முஸ்லிம்களையும் விடுதலைப்புலிகள் வெளியேறச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னார்த் தீவில் சில நாள். மொத்தம் எழுபதாயிரம் பேருக்கு மேல். மன்னார்க்காரர்களில் பலர் வள்ளம் ஏறி, புத்தளம் பக்கத்துக் கற்பிட்டிக்கு வந்தார்கள். அப்படியே புத்தளத்தில் தங்கிப்போனவர்களின் பிள்ளைகளுக்கு இப்போது கல்யாண வயதில் பிள்ளைகள்.

அதனால்தான் மன்னாருக்கு முன்னால் புத்தளம். ஊருக்குள் வரும்போதே உப்பளங்கள் கண்ணைக் கூசவைத்தன. நண்பனின் தூரத்துச் சொந்தம் ஒருவர் வழிகாட்டிய வீட்டில் நோன்பு திறக்கப் போனோம். முகாமாகத் தொடங்கி, கிடுகுக் கொட்டில் கல்வீடாகி, தெருவுக்குப் பெயரும் வந்துவிட்ட இடம். பேரீச்சம்பழம், கஞ்சி, சமோசா. வீட்டுப் பெரியம்மாவுக்கு எழுபதுக்கு மேல். நான் வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன், என்று தெரிந்ததும் என் கோப்பையில் கஞ்சியை இன்னும் ஒரு அகப்பை ஊற்றினார். பிறகு, நான் எதுவும் கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

"நாங்க வெளிக்கிட்ட அண்டைக்குப் பக்கத்து வீட்டு வேதக்காரப் பொம்பிளை என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதா. நானும் அழுதன். அவட புருசன் கதவைச் சாத்திட்டு உள்ளுக்குப் போயிட்டான். ரெண்டையும் நான் மறக்கல்ல மகன்."

2002இல் போர் நிறுத்தம் வந்தபோது போய்ப் பார்த்திருக்கிறார். வீட்டுக்குக் கூரை இல்லை. அந்தப் பெண் மட்டும் இவருடைய அம்மியையும் குழவியையும் தன் வீட்டுப் பின்புறத்தில் பத்திரமாக வைத்திருந்து எடுத்துக் கொடுத்தாராம். "ஓடெல்லாம் எங்க போனதெண்டு நான் கேக்கல்ல. அவவும் சொல்லல்ல."

அதே 2002 ஏப்ரலில் புலிகள் தரப்பில் அன்ரன் பாலசிங்கம் அந்த வெளியேற்றம் தவறு என்று பத்திரிகையாளர்கள் முன்னால் ஒப்புக்கொண்டார். அதை நான் சொன்னதும் பெரியம்மாவின் மகன் குறுக்கிட்டார். "அது பேப்பருக்குச் சொன்னது தம்பி. எங்கட வீட்டுக் கதவைத் தட்டி ஒருத்தரும் சொல்லல்ல."

இந்த மகனை இனி நானா, அதாவது அண்ணன், என்றே எழுதுகிறேன். அங்கே எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வெளியேறும்போது பதினேழு வயது. இப்போது மன்னாரில் பாதி வாழ்க்கை, புத்தளத்தில் பாதி. நாளைக்கு அவரும் எங்களோடு வருகிறார்.

மார்ச் 13, வியாழன். மன்னார்

இன்று போயா. பௌர்ணமி விடுமுறை என்பதால் பஸ்கள் குறைவு. அனுராதபுரம், மதவாச்சி என்று சுற்றிக்கொண்டு வந்தோம். பஸ்ஸைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, தூங்கிவிட்டேன்.

பாலம் தாண்டித் தீவுக்குள் நுழைந்ததும் கழுதைகள். சாலை நடுவில், பேருந்து நிலையத்தில், ஏடிஎம் வாசலில் என்று எங்கும் கழுதை. யாருக்கும் சொந்தமில்லை, யாரும் விரட்டுவதும் இல்லை. தெற்குக் கரையோரமாகக் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்கின்றன. பள்ளிமுனையில் ஒரு பெருக்க மரம் (பாவோபாப்) இருக்கிறது. அடிமரத்தின் சுற்றளவு பத்தொன்பது மீட்டருக்கு மேல். வயது எழுநூறு என்கிறார்கள். ஒட்டகத்தோடு வந்த அரபு வணிகர்கள் வைத்துவிட்டுப் போனதாம். இப்போது அது நிற்பது கத்தோலிக்க மீனவர்களின் குடியிருப்பில். நண்பன் மரத்தைத் தட்டிக் கொடுத்து, "பாத்தியா, எங்க ஆளு" என்றான்.

மாலையில் தோட்டவெளி போனோம். மன்னாரின் வேதசாட்சிகள் கோயில் அங்கேதான். 1544இல் இந்தத் தீவில் ஞானஸ்நானம் பெற்ற சுமார் 600 பேரை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி வெட்டிக் கொன்றான். அவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுக்க ஆள் அனுப்பியவர், அப்போது எங்கள் முத்துக்குளித்துறையில் இருந்த பிரான்சிஸ் சவேரியார். எங்கள் கரையும் இந்தக் கரையும் ஒரே கதையில் வருகிறவை.

அந்தக் கதையின் முதல் பாதியை நண்பன் எடுத்துக் கொடுத்தான். "உங்க ஆளுங்க மொத்தமா வேதத்துல சேர்ந்ததே எங்க ஆளுங்களோட சண்டைலதானல?"

உண்மைதான். 1530களில் முத்துக்குளிப்பில் முஸ்லிம்களோடு தகராறு முற்றி, எங்கள் ஆட்களான பரதவர்கள் போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டுப் போனார்கள். ஞானஸ்நானம் அதோடு சேர்ந்து வந்தது. 1538இல் மண்டபத்துக்குப் பக்கத்து வேதாளைக் கரையில் போர்ச்சுகீசியர், முஸ்லிம் கடல் வணிகரான மரைக்காயர் கப்பல்களை அழித்தார்கள். எங்கள் ஊரில் இது விடுதலைக் கதை, அவன் ஊரில் பறிபோன கடலின் கதை. இத்தனை வருஷப் பழக்கத்தில் இதை நாங்கள் பேசியதே இல்லை. பேசினால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தோமோ தெரியவில்லை. தோட்டவெளிக் கோயில் முற்றத்து மணலில் உட்கார்ந்து அரை மணி நேரம் சண்டை போட்டோம். வேதாளை விஷயத்தில் அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. போர்ச்சுகீசியர் இல்லாவிட்டால் எங்கள் ஆட்கள் யாருக்கு முத்துக் குளித்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று நான் கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை. பாங்கு நேரம் நெருங்கவே எழுந்து வந்துவிட்டோம்.

மார்ச் 14, வெள்ளி. மன்னார்

நாங்கள் தங்கியிருக்கும் தெருவில் எட்டு வீடு கத்தோலிக்கர், ஐந்து வீடு முஸ்லிம். நோன்புக் கஞ்சி சாயங்காலம் வாளியில் வீடு வீடாகப் போகிறது. எதிர்வீட்டு அக்கா ஒருவர் எனக்கு அதன் உள்விவகாரத்தைச் சொன்னார்.

கஞ்சியில் இறைச்சி போடுவது வழக்கம். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கர் இறைச்சி தொடுவதில்லை. நோன்பும் தவக்காலமும் ஒன்றாக வரத் தொடங்கிய பிறகு, வெள்ளிக்கிழமைக் கஞ்சியை இவர் வாங்கி வைத்து, இருட்டியதும் கோழிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். கொடுக்கிறவர் முகம் வாடக் கூடாதே என்று. போன வருஷம் பக்கத்து வீட்டு ராத்தா (முஸ்லிம் வீடுகளில் அக்காவை இப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) அதைப் பார்த்துவிட்டார்.

"எனக்கு வெக்கமாப் போச்சு. அவ கத்தவும் இல்ல, ஒண்டும் இல்ல. 'சொல்லியிருக்கலாமே, நான் உனக்குச் சாப்பாடு தந்தனா, கோழிக்குத் தந்தனா' எண்டு மட்டும் கேட்டா."

இப்போது வெள்ளிக்கிழமை மட்டும் அந்த வீட்டில் ஒரு சின்னச் சட்டியில் இறைச்சி போடாத கஞ்சி தனியாகக் கொதிக்கிறது. இன்று எனக்கும் அதில் ஒரு கோப்பை வந்தது. இஞ்சி, பூண்டு, வெந்தயம், மேலே தேங்காய்ப்பால். இறைச்சி இல்லாத குறையே தெரியவில்லை. ராத்தா கொஞ்சம் கூடுதலாக மிளகு தட்டியிருந்தார். பதிலுக்கு நத்தார் (கிறிஸ்துமஸ்) சமயத்தில் இந்த அக்கா கேக் கொடுக்கும்போது, பிராந்தி ஊற்றிய கேக்கை எடுத்துக் காட்டி "இது உங்களுக்கில்ல" என்று சொல்லிவிட்டு, வேறொன்றைக் கொடுக்கிறாராம். முன்பு அதையும் சொல்லாமல் கொடுத்திருக்கிறார். அதற்கு ராத்தா என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

மதியம் நண்பனும் நானாவும் ஜும்மாவுக்குப் போனார்கள். தொழுகை முடிந்து மவ்லவி ஒருவரைப் பார்த்தோம். மெல்லிய குரல், கூர்மையான பேச்சு. மதநல்லிணக்கக் கூட்டங்களைப் பற்றிக் கேட்டேன்.

"தொண்டு நிறுவனக்காரர் கூப்பிடுவினம். மேடையில குத்துவிளக்கு வைப்பினம். ஐயர் ஏத்துவார், பிக்கு ஏத்துவார், ஃபாதர் ஏத்துவார், பிறகு என்ட கையில திரி வரும். விளக்கேத்துறது எங்கட மார்க்கத்தில வணக்கம் மாதிரி ஆகிப்போகும், எனக்கு ஏலாது. ஏலாது எண்டு சொன்னா நான் குழப்பவாதி. அதால கன காலம் ஏத்தினன். ஏத்திப்போட்டு வீட்ட போய் நிம்மதி இல்லாம இருந்தன்."

"இப்ப?"

"ஃபாதரிட்ட ஒருநாள் சொன்னன். 'இதை முந்தியே சொல்லுறதுக்கென்ன' எண்டார். இப்ப கூட்டத்துக்கு முதலே அவர் ஏற்பாட்டாளருக்குச் சொல்லிருவார், மவ்லவிக்குத் திரி கொடுக்காதேங்கோ, பேசக் கூப்பிடுங்கோ எண்டு."

மவ்லவி சொன்ன அந்தப் பாதிரியாரையும் சாயங்காலம் சிலுவைப் பாதை முடிந்த பிறகு சந்தித்தேன். அவர் சிரித்தார். "ஈசா நபி சிலுவையில அறையப்படேல்ல எண்டு அவர் நம்புறார். நான் இப்பதான் பதினாலு தலமும் நடந்து முடிச்சிட்டு வாறன். இதில ஒருத்தர் பிழையாத்தான் இருக்க வேணும். ரெண்டு பேரும் சரி எண்டு அவர் எனக்குச் சொன்னா, அவர் என்னைச் சின்னப் பிள்ளையாய் நினைக்கிறார் எண்டுதான் அர்த்தம்." மவ்லவி தனக்காக துஆ கேட்கிறார் என்பது இவருக்குத் தெரியும், என்ன கேட்கிறார் என்பதும் தெரியும். இவர் மவ்லவிக்காக என்ன ஜெபிக்கிறார் என்று மவ்லவிக்கும் தெரியும். அது பற்றிப் பாதிரியாரின் கருத்து: "இதுவரைக்கும் ரெண்டும் கேக்கப்படேல்ல."

எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு லேசாகச் சாமி விஷயத்தைப் பேசுகிறவர்கள் வேறெதையோ பேசாமல் இருப்பதற்காகத்தான் இதைப் பேசுகிறார்களோ? கிறிஸ்தவரின் திரித்துவமும் முஸ்லிமின் தவ்ஹீதும் யார் வீட்டுக் கூரையையும் கழற்றவில்லை. புத்தளத்துப் பெரியம்மா கேட்காமல் விட்ட கேள்வி கூரையின் ஓடுகளைப் பற்றியது. நானாவிடம் இதைச் சொன்னேன். "நாளைக்கு உப்புக்குளம் வாங்க" என்றார்.

மார்ச் 15, சனி. உப்புக்குளம்

மன்னார் நகரத்தின் ஓரத்தில் இருக்கும் முஸ்லிம் பகுதி உப்புக்குளம். 1990க்கு முன் அங்கே வள்ளம் இறக்கியவர்கள் முஸ்லிம்கள். அவர்கள் போன பிறகு, விடத்தல்தீவிலிருந்து போரால் துரத்தப்பட்ட கத்தோலிக்க மீனவர்கள் அதே கரைக்கு வந்து தொழில் செய்தார்கள். 2009இல் போர் முடிந்து முஸ்லிம்கள் திரும்பியபோது கரையில் வேறு ஆட்களின் வாடி (மீனவர் கொட்டில்), வேறு வலை. 2012 ஜூலையில் தகராறு வெடித்து, மன்னார் நீதிமன்றத்தின் மீதே கல் விழுந்து, நாடு முழுக்கச் செய்தியானது.

இரண்டு பக்கமும் இடம்பெயர்ந்தவர்கள். ஒருவர் விட்டுப்போன இடத்தில் வந்து இறங்கியவரும் வேறோர் இடத்தை விட்டு வந்தவர்தான். கொழும்பிலும் சென்னையிலும் இருந்து இதை முஸ்லிம்–கிறிஸ்தவர் சண்டை என்று படித்தவர்களுக்கு இது விளங்கியிருக்காது. புலிகள் கத்தோலிக்கத் திருச்சபையின் படை அல்ல, வெளியேற்றம் சிலுவையின் பெயரால் நடக்கவும் இல்லை. ஆனால் போனவர்கள் முஸ்லிம்கள், நின்றவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். நாற்பது வயது தாண்டிய எல்லோருக்கும் அது முகத்தைப் பார்த்ததும் நினைவுக்கு வருகிறது.

கரையில் ஒரு கத்தோலிக்க மீனவரின் வாடிக்கு நானா கூட்டிப்போனார். அறுபது வயதிருக்கும், கழுத்தில் செபமாலை, கை முழுக்க வலை கிழித்த தழும்பு. இருவருக்கும் பத்து வருஷத்துக்கும் மேலான பழக்கம். முதல் இரண்டு வருஷம் முகம் பார்த்ததில்லையாம். அவரைச் சம்மாட்டி, அதாவது வள்ளமும் வலையும் உடையவர், என்று எழுதுகிறேன்.

தேத்தண்ணி வந்தது, எனக்கும் சம்மாட்டிக்கும். நானாவும் நண்பனும் நோன்பு. சம்மாட்டி கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "குடிங்க, நோன்பு எனக்குத்தான், உங்களுக்கில்ல" என்றார் நானா. அவர் எடுத்துக் குடித்தார். நானும் குடித்தேன்.

கொஞ்ச நேரம் நண்டு விலை, இந்திய இழுவைப் படகு (என் பக்கம் ஒரு பார்வை), புதிதாகக் காற்றாலை வந்தால் மீன் ஓடிவிடும் என்ற கவலை. காற்றாலையில் இருவருக்கும் ஒரே கருத்து. பிறகு நானா சாதாரணமாகச் சொன்னார்: "இவங்க இந்தியாவில இருந்து வந்திருக்காங்க. நாம என்ன கதைச்சம் எண்டு கேக்கிறாங்க. சொல்லுவமா?"

சம்மாட்டி என்னைப் பார்த்தார். "இவர் என்னட்டக் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமோ? 'நாங்க வள்ளம் ஏறக்க நீங்க எங்க நிண்டனீங்க' எண்டு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உண்மையைத்தான். கரையில நிண்டு பாத்தனான். அப்ப நான் இங்கால சொந்தக்காரர் வீட்டில இருந்தன். துவக்கு அவங்கட கையில, நாங்க என்னத்தைச் செய்யிறது? எல்லாரும் இதைத்தான் சொல்லுவினம், அது பொய்யும் இல்ல. ஆனா பயம் மட்டும்தான் எண்டு சொன்னா அது பொய். போனவங்கட கடை, காணி, கரை, எல்லாம் சில பேரின்ட கண்ணுக்குள்ள நிண்டது. என்ட சொந்தத்துக்குள்ளயும் அப்பிடி ஆக்கள் இருந்தவை. ஓடு, கதவு, நிலை எல்லாம் ஆமிதான் கழட்டினது, இயக்கம்தான் கழட்டினது எண்டு சொல்லுவினம். எல்லாத்தையும் அவங்க கழட்டேல்ல."

நானா தலை குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவை கேட்கிறவர் போலத்தான் இருந்தது அவர் முகம்.

"பிறகு நான் இவரிட்டக் கேட்டன்" என்று தொடர்ந்தார் சம்மாட்டி. "2006இல பேசாலை வெற்றிமாதா கோயிலுக்க சனம் ஒளிச்சிருக்கக் கைக்குண்டு போட்டாங்கள். 99இல மடுக் கோயிலுக்க செல் விழுந்து பிள்ளைகள் செத்துது. நீங்க புத்தளத்தில இருந்தீங்க. ஒரு பள்ளிவாசலில இருந்தாவது எங்களுக்கு ஒரு கடிதம் வந்ததோ?"

"வரல்ல" என்றார் நானா. "எங்களுக்கு அப்ப கோபம். உங்களுக்கும் ஒருக்கா விளங்கட்டும் எண்டு நினைச்ச ஆக்களும் இருந்தாங்க. நான் அப்பிடி நினைச்சனா எண்டு கேட்டா, ஒருநாள் நினைச்சிருக்கன்."

இதைச் சொல்ல எவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது சம்மாட்டி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். இதில்தான் இருவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. நானா சொல்கிறார்: இது எங்கள் வாப்பாமார் வள்ளம் இறக்கிய துறை, முதல் உரிமை எங்களுக்கு. சம்மாட்டி சொல்கிறார்: இருபது வருஷத்துக்கு மேல் நாங்கள் இங்கே செல்லடிக்குள் தொழில் செய்தோம், திரும்பி வந்தவர்கள் அமைச்சர் பலத்தோடு வந்து எழும்பச் சொன்னால் எழும்ப மாட்டோம். நானா, அமைச்சர் இல்லாவிட்டால் எங்களை யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்கிறார். சம்மாட்டி, அதுவும் உண்மைதான் என்று ஒத்துக்கொண்டு, ஆனாலும் எழும்ப மாட்டேன் என்கிறார். குரல் இரண்டு தடவை உயர்ந்தது. 'நீங்க' என்பது 'நீ' ஆகவில்லை. பக்கத்து வாடியில் வலை பொத்திக்கொண்டிருந்த பையன்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காததிலிருந்து, இது வாடிக்கையான சண்டை என்று புரிந்துகொண்டேன்.

நண்பன் அப்போது ஒன்று கேட்டான். எனக்குத் தோன்றியிருக்காத கேள்வி. "உங்க ரெண்டு பேர் பிள்ளைங்களும் இப்படிப் பேசுவாங்களா?"

இருவரும் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். நானாவின் மகன் புத்தளத்தில் பிறந்தவன், மன்னாரில் யாரையும் தெரியாது. சம்மாட்டியின் மகனுக்கு முஸ்லிம்கள் என்றால் 2012இல் கல்லெறிந்தவர்கள், 2019இல் குண்டு வைத்தவர்கள். "அவனிட்ட இதெல்லாம் கதைக்கக் கஷ்டம்" என்றார் சம்மாட்டி. "எங்களுக்கு முந்தின பழக்கம் எண்டு ஒண்டு இருந்தது, அதை வச்சுக் கதைக்கிறம். அவங்களுக்கு அது இல்ல."

மார்ச் 16, ஞாயிறு. மன்னார், சிலாவத்துறை

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்கள். 260 பேருக்கு மேல் செத்தார்கள். செய்தவர்கள் இலங்கை முஸ்லிம்கள். அடுத்த மாதமே வடமேல் மாகாணத்தில் முஸ்லிம் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மன்னார் பேராலயமும் செபஸ்தியாருக்குரியதுதான். காலைத் திருப்பலிக்குப் போகும்போது கட்டுவாப்பிட்டி ஞாபகம் வராமல் இருக்கவில்லை.

நண்பன் உள்ளே வர மாட்டான், அது எங்களுக்குள் எப்போதுமே உள்ள ஏற்பாடு. வாசலுக்கு எதிரே, எங்கள் இருவர் முதுகுப் பையையும் காலடியில் வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்கு நீளத் தாடி, தலையில் தொப்பி. இப்போது எழுதும்போது இது எப்படித் தெரிந்திருக்கும் என்று புரிகிறது. உள்ளே நான் மன்றாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தபோது வெளியே நடந்ததை அவன் பிறகு சொன்னான்.

வந்தவர்களில் சிலர் அவனைப் பார்த்து நடையைக் கூட்டினார்கள். ஒரு பெண் பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் பிடித்துக்கொண்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை. பிறகு கோயில் தொண்டர் ஒருவர், சட்டையில் அட்டை குத்தியவர், நேராக அவனிடம் வந்தார்.

"தம்பி, ஸலாம். கோவிக்காதேங்கோ. பையோட இதில நிக்காதேங்கோ, சனம் பயப்பிடுது. நீங்க பிழையான ஆள் எண்டு நான் சொல்லேல்ல. எனக்கும் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு, அதையும் சொல்லுறன்."

நண்பன் பையைத் திறந்து காட்டினான். அழுக்குச் சட்டை, சார்ஜர், என்னுடைய மூக்குப்பொடி டப்பா. தொண்டர் அதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பார்க்காமல் பார்த்தது போல் நடிக்கவில்லை. பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து வேப்பமர நிழலில் போட்டு, தானும் ஒன்றில் உட்கார்ந்து, பூசை முடியும்வரை காயல்பட்டினத்தில் வீடு என்ன விலை என்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"வருத்தமா இல்லையால?" என்றேன்.

"இல்லாம இருக்குமா? ஆனா நம்ம ஊர்ல பிளைட்ல, மால்ல எல்லாம் சிரிச்சுக்கிட்டே 'ரேண்டம் செக் சார்' னு தனியாக் கூட்டிட்டுப் போவாங்க பாரு. அதுக்கு இந்த ஆளு எவ்வளவோ மேல். பயம்னு வாயால சொன்னாரு. சொன்னா நான் ஏதாவது செய்ய முடியும். பையைத் திறக்க முடியும்."

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. பயந்தவர் வாய்விட்டுச் சொன்னது நல்லதுதான். ஆனால் பையைத் திறந்து காட்ட வேண்டியவன் ஒவ்வொரு தடவையும் அவனாகவே இருக்கிறான். என் பையும் அங்கேதான் இருந்தது, என்னை யாரும் கேட்கப் போவதில்லை. இதை அவனிடம் சொன்னேன். "சரி, அடுத்த தடவை ரெண்டு பையையும் நீ சும" என்றான்.

மதியம் நானாவோடு தெற்கே முசலிப் பக்கம். அரிப்பில் கடலோரம் ஆங்கில ஆளுநர் பிரெடரிக் நோர்த் கட்டிய மாளிகை இடிந்து கிடக்கிறது, முத்துக்குளிப்பை மேற்பார்க்கக் கட்டியது. பாதியைக் கடல் தின்றுவிட்டது. சிலாவத்துறையில் முஸ்லிம்களின் காணிக்குள் கடற்படை முகாம். இன்னும் தெற்கே முள்ளிக்குளம், கத்தோலிக்கக் கிராமம். 2007இல் சனத்தை எழுப்பிவிட்டு அங்கேயும் கடற்படை. போராடிப் போராடி ஒரு பகுதி திரும்பக் கிடைத்திருக்கிறது. இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்தே போராடலாமே என்று வெளியூர்க்காரனுக்கே உரிய வேகத்தில் கேட்டேன். நானா அவசரப்படவில்லை. சில நேரம் சேர்ந்திருக்கிறார்கள், சில நேரம் தங்கள் காணிக்கு முந்தினால் போதும் என்று தனித்தனியாகப் போயிருக்கிறார்கள்.

அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் புதிது. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களையும் எரித்தே தீர வேண்டும் என்று அரசு பிடிவாதம் பிடித்து, கடைசியில் 2021 மார்ச்சில் புதைக்க அனுமதித்தபோது முதலில் காட்டிய இடம் இரணைதீவு. பல வருஷம் கடற்படையோடு மல்லுக்கட்டி அப்போதுதான் தீவுக்குத் திரும்பியிருந்த கத்தோலிக்க மீனவர்களின் ஊர் அது. தீவுச் சனம் எதிர்த்தார்கள். முஸ்லிம் தரப்பிலும் அந்த இடத்தை ஏற்கவில்லை. பிறகு ஓட்டமாவடியில் புதைத்தார்கள். "எங்கட மையித்தை வச்சு எங்களையும் அவங்களையும் கொளுவிவிடப் பாத்தாங்க" என்றார் நானா. "அண்டைக்குச் சம்மாட்டி எனக்கு போன் எடுத்தார். 'உங்கட ஆக்களைப் புதைக்கிறது உங்கட உரிமை, ஆனா அந்தத் தீவில வேணாம் எண்டு நானும் சொல்லுவன், கோவிக்காதீங்க' எண்டார். நான் சொன்னன், நானும் அதைத்தான் சொல்லுறன் எண்டு."

திரும்பும் வழியில் சம்மாட்டியே அழைத்தார். இறங்குதுறையில் யார் யாருக்கு எத்தனை வள்ளம் என்று இரு தரப்பும் சேர்ந்து ஒரு பட்டியல் எழுதி மீன்பிடித் திணைக்களத்துக்குக் கொடுப்பது பற்றிப் பேச்சு நடக்கிறது. எந்த வருஷத்துக் கணக்கை வைப்பது என்பதில் சிக்கல்: 1990 என்கிறார் நானா, 2009 என்கிறார் அவர். ஸ்பீக்கரில் போட்டுப் பத்து நிமிஷம் வாதாடினார்கள். கூட்டத்தை நோன்பு முடிந்து வைப்போம் என்றார் நானா. பெருநாள் மாதக் கடைசியில். உடனே பெரிய வாரம் வந்துவிடும், ஈஸ்டர் ஏப்ரல் 20, அதற்குள் ஏலாது என்றார் சம்மாட்டி. அப்போ மே. மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல் இருக்கிறதே என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. ஜூன் என்று வைத்திருக்கிறார்கள்.

எங்களுக்கு இன்றிரவு ரயில்.